இடது கை என்று கோப்பில் இருக்கிறது

நாரை கிளப் நிகானோருக்குத் தர வேண்டியிருந்தது ஏழாயிரத்து நானூற்று எண்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். ஒப்பந்தத் தொகை பதினைந்தாயிரம். கையெழுத்துப் போட்ட அன்றே பாதியைக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதியில், அடையாளக் கோப்புக்கு எடுத்த நான்கு புகைப்படங்களுக்கென்று பதின்மூன்று டாலர் ஐம்பது சென்ட்டைப் பிடித்துக்கொண்டு, பாக்கியை வயது விசாரணை முடிந்ததும் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை முடிய ஒன்பது வருடம் ஆயிற்று. அதில் எட்டு வருடம் அவன் தொழில்முறையாக பேஸ்பால் எறிந்தான்.

நான்கு புகைப்படத்திலும் இருந்தது அவன் முகம்தான். கீழே எழுதியிருந்த பெயர்தான் அவனுடையது இல்லை.

நிகானோர் பிறந்தது ஐந்தாம் எண் பத்தேயில். சர்க்கரைக் கம்பெனி கரும்பு வெட்டுகிறவர்களுக்குக் கட்டிவிட்ட தகர லயன்களுக்கு எங்கள் தீவில் பத்தே என்று பெயர். பதினொரு வயதில் அவன் வெட்டுக்கத்தி பிடித்தான். வெட்டாத மாதங்களில் பந்து எறிந்தான். வெட்டிய கையும் எறிந்த கையும் ஒன்றே, வலது கை. அது எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, பிடிகாரனின் கையுறையில் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டோன் ப்ளாசிடோ தன் பழைய லாரியை நிறுத்தினார். முன்பு மாடு வாங்கி விற்றவர். மாட்டைவிடப் பையன்களுக்குத் தீனி குறைவு, விலை அதிகம் என்று கண்டுகொண்டு, எறிகாரப் பையன்களைப் பிடித்து அமெரிக்க கிளப்புகளுக்குக் கொடுத்து நூற்றுக்கு முப்பத்தைந்து எடுக்கும் தொழிலுக்கு மாறியிருந்தார். பழைய பழக்கம் போகவில்லை, நிகானோரின் பல்லைத்தான் முதலில் பார்த்தார். பிறகு எறியச் சொல்லி, பந்தின் வேகத்தை அளக்கும் வேகத் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். தொண்ணூற்று மூன்று மைல் காட்டியது.

"வயசென்னடா?"

"இருபது, டோன்."

டோன் ப்ளாசிடோ துப்பாக்கியை இறக்கிவிட்டார். "இருபதா? இந்தத் தொழில்ல இருபதுன்னா பேரன் எடுக்கிற வயசுடா. இந்தத் தொண்ணூத்தி மூணு ஒரு பதினேழு வயசுக் கையில இருந்தா பதினஞ்சாயிரம் டாலர். உன் கையில இருந்தா ஒரு தட்டு சோறு. அதுவும் குழம்பு இல்லாம."

ஆகவே கைக்கு வயதைக் குறைக்க வேண்டியதாயிற்று. நிகானோரின் அத்தை ஃபெலிசியாவுக்கு ஒரு மகன், பெயர் சில்வியோ, வயது பதினேழு. பத்தேயில் ஆள் ஒருத்தர், காகிதம் இன்னொருத்தருடையது என்பது புதிதில்லை. நான்கு சகோதரிகள் ஒரே அட்டையைக் காட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். செத்துப்போன ஒருவர் இரண்டு வெட்டுப் பருவத்துக்கு ஆலையில் கூலி வாங்கியிருக்கிறார், வேலையிலும் குறை இல்லை என்று மேஸ்திரி சொன்னார். கல்யாணத்துக்குச் சட்டை இரவல் வாங்குவது போல நிகானோர் பெயர் இரவல் கேட்டான்.

"பேரக் கொடுத்துட்டு நான் என்ன பண்றது மச்சான்?" என்றான் சில்வியோ.

"என் பேர வச்சுக்க."

"உன் பேர்ல என்ன இருக்கு? மூணு வயசு கூட இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

கடைசியில் பேரம் படிந்தது. இரண்டாம் பாதிப் பணம் வந்ததும் சில்வியோவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், சொந்தமாக, ஆள் ஏற்றிச் சம்பாதிக்க. முதல் பாதியில் முடியாது, அதில் டோன் ப்ளாசிடோவின் முப்பத்தைந்தும், அவர் குத்திய வைட்டமின் ஊசிகளின் விலையும், அவன் எறிந்து தேய்த்த பந்துகளின் விலையும் போனால் மிஞ்சுவது ஒரு சிமெண்டுத் தரைக்குக் காணும். ஃபெலிசியா அத்தை பிறப்புச் சான்றிதழைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து, மடிப்பை நீவிக் கொடுத்தாள். "அழுக்கில்லாம வச்சிருந்தேன். அழுக்கில்லாமத் திருப்பிக் கொடு" என்றாள்.

நிகானோருக்கு அப்போது எழுதத் தெரியாது. சில்வியோ என்ற பெயரை ஒரு மத்தியானம் முழுக்க வலது கையால் படம் வரைவது போல வரைந்து பழகினான். ஒப்பந்தத்தில் அதை வரைந்தான். காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கிளப்காரர்கள் கைதட்டினார்கள்.

நாரை கிளப்பின் பயிற்சிக் கழகம் கரும்புக் காட்டுக்கு நடுவே, உயரமான கம்பி வேலிக்குள் இருந்தது. உள்ளே புல் பச்சையாக இருந்தது. காலையில் எழுந்ததும் பையன்கள் வரிசையாக நின்று வேகத் துப்பாக்கிக்கு முன்னால் எறிய வேண்டும். துப்பாக்கிக்கு வெயில் ஆகாது என்று ஒருவர் அதற்குக் குடை பிடிப்பார். எறிகிறவர்களுக்குக் குடை கிடையாது. எண் ஏறினால் மத்தியானச் சோற்றோடு கோழித்துண்டு. இறங்கினால் அவரையும் சோறும், ஒரு புத்திமதியும்.

மாலையில் ஆங்கில வகுப்பு. மூன்று வாக்கியம்தான் பாடம். 'ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொள்கிறேன்.' 'எல்லாம் அணிக்காகத்தான்.' 'கையில் வலி இல்லை.' முதல் இரண்டும் பத்திரிகைக்காரர்களுக்கு. மூன்றாவது எல்லாருக்கும். அறுபது பையன்கள் சேர்ந்து மூன்றாவதைச் சொல்லும்போது வேலிக்கு வெளியே கரும்பு வெட்டுகிறவர்கள் ஏதோ தேவாலயப் பாட்டு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

கழகத்தின் இயக்குநர் ஹால்வர்சன் என்ற அமெரிக்கர். நல்ல மனிதர். எல்லாரையும் மகனே என்று கூப்பிடுவார், பெயர் ஞாபகம் இருக்காது. வயது மற்றும் நேர்மை இலாகாவிலிருந்து வந்தவர் பிரிச்சர்ட். அவர் அதற்குமுன் திருட்டுக் கார்களின் எஞ்சின் நம்பரைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். மனிதனுக்கு எஞ்சின் நம்பர் போடாதது பெரிய குறை என்று அவர் நினைத்தார்.

பிரிச்சர்ட் ஐந்தாம் எண் பத்தேக்கு வந்தார். பத்தே அவருக்காகத் தயாராக இருந்தது. நான்கு புகைப்படத்தையும் காட்டிக் கேட்டார். சில்வியோ, சில்வியோ, சில்வியோ என்றார்கள். வாய் பேசாத கிழவர் ஒருவர்கூடத் தலையாட்டினார். பெட்டிக்கடை வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த அசல் சில்வியோவிடமும் படம் நீட்டப்பட்டது.

"சில்வியோவா? தங்கமான பையன் சார். ஒரே குறை, எங்கிட்டக் கடன் வாங்கினா திருப்பித் தர மாட்டான்" என்றான். கூட ஆடியவர்கள் கட்டையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார்கள்.

எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னதில் பிரிச்சர்டுக்குச் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்தார். பிறந்த தேதி சரி. தகப்பன் பெயர் சரி. அதற்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இடது கைப் பழக்கம். அடித்தும் மாறவில்லை.'

பெயரை இரவல் வாங்கியவர்கள் கையைக் கேட்க மறந்துவிட்டார்கள். சில்வியோ இடது கைக்காரன் என்பது பத்தேயில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததாலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கூட்டம் நடந்தது. நிகானோரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சிறைக்கு அனுப்புவார்கள் என்று அவன் நினைத்தான். சிறைகூடப் பரவாயில்லை, முதல் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் சிமெண்டுத் தரையை எப்படிப் பெயர்ப்பது என்று யோசித்தான். உள்ளே கூப்பிட்டார்கள். ஹால்வர்சன் பேசியதை மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்.

"மகனே, கோப்பு தப்புன்னா விசாரணை தப்பு. விசாரணை தப்புன்னா இலாகா தப்பு. சரி, நீ தப்புன்னு வச்சுப்போம். அப்ப ஒப்பந்தம் தப்பு. ஒப்பந்தத்துல என் கையெழுத்து இருக்கு. நான் தப்புப் பண்ற ஆள் இல்ல. ஆக மொத்தம் யார் மேலயும் தப்பில்ல. தப்பு கை மேலதான்."

கை திருத்தப்பட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அடுத்த நாள் நிகானோர் துப்பாக்கி முன்னால் இடது கையால் எறிந்தான். ஐம்பத்தெட்டு. பந்து குடை பிடித்தவர் மேல் போய் விழுந்தது. மறுபடி கூட்டம். கோப்பை விட முடியாது, தொண்ணூற்று மூன்றையும் விட மனமில்லை. கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மைதானத்தில் அவன் வலது கையால் எறியலாம். மற்ற எல்லாக் காரியத்துக்கும், அதாவது சாப்பிட, எழுத, கை குலுக்க, பத்திரிகையில் அச்சாக, அவன் இடது கைக்காரன்.

ஒந்தினா என்ற ஆசிரியையிடம் அவனை எழுதக் கற்க அனுப்பினார்கள். இருபது வயதில், கரும்பு வெட்டிக் காய்த்துப்போன வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அவன் முதல் எழுத்தை எழுதினான். வலது கை இல்லாமல் எழுத்து வந்தது அவனுக்கே ஆச்சரியம். ஆறு மாதத்தில் சில்வியோ என்று முத்து முத்தாக எழுதினான். அதை மாதிரிக் கையெழுத்து என்று ஒரு தாளில் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். அவன் கற்ற எழுத்தெல்லாம் அடுத்தவன் பெயரில் தொடங்கியதுதான்.

பாக்கிப் பணம் பற்றிக் கேட்டான். கை விஷயம் முடிந்தது, வயது விஷயம் இன்னும் நடக்கிறது என்றார்கள்.

மூன்றாம் வருடம் வடக்கே அனுப்பினார்கள். சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், நாரை கிளப்பின் கீழ்மட்ட அணி. ஒரு வீட்டில் ஏழு பேர், மூன்று படுக்கை. பகலெல்லாம் பேருந்து, சாயங்காலம் ஆட்டம். அங்கேதான் நிகானோர் பெரிய ஆள் ஆனான். காரணம் சுற்றறிக்கைதான்.

எறிகிறவன் இடது கைக்காரன் என்றால் எதிரணி வலது கை மட்டைக்காரர்களை நிறுத்தும், அப்படி நிறுத்தினால்தான் பந்து நன்றாகத் தெரியும். ஆட்டத்துக்கு முன் கொடுக்கும் தாளில் 'சில்வியோ, இடது கை' என்று அச்சாகியிருக்கும். வலது கை மட்டைக்காரர்கள் எட்டுப் பேரைத் தேடிப் பிடித்து நிறுத்துவார்கள். நிகானோர் எறிகிறவனுக்கான மண்மேட்டில் ஏறி வலது கையால் எறிவான். எட்டுப் பேரும் காற்றை அடித்துவிட்டு உட்காருவார்கள். அந்தப் பருவத்தில் பதினான்கு வெற்றி.

அடுத்த தடவை ஏன் ஏமாந்தார்கள் என்று கேட்கலாம். அவர்களுக்கும் கோப்பு இருந்தது. மூவாயிரம் பேர் கண்ணால் பார்த்தார்கள், ஆனால் எதிரணி மேலாளர்களுக்கு அச்சில் வந்ததை மாற்றும் அதிகாரம் இல்லை. ஒருவர் மட்டும் துணிந்து, இவன் எறிவது வலது கையால் என்று லீகுக்குப் புகார் எழுதினார். லீக் கோப்பை வரவழைத்துப் பார்த்தது. அதிகாரபூர்வப் பதிவைச் சந்தேகப்பட்டதற்காக அவருக்கு ஐம்பது டாலர் அபராதம் போட்டது. உள்ளூர்ப் பத்திரிகை 'தீவிலிருந்து வந்த இடது கை அதிசயம்' என்று எழுதியது. படத்தைக் கண்ணாடி பார்ப்பது போலத் திருப்பி அச்சடித்திருந்தார்கள், சட்டை எண் இடம் வலம் மாறித் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிகானோர் பத்தேயின் பெட்டிக்கடைக்குப் போன் போடுவான். சில்வியோ வந்து எடுப்பான்.

"என்ன மச்சான், நான் பதினாலு ஆட்டம் ஜெயிச்சிட்டேனாமே? கடைக்காரன் ஒரு கிளாஸ் ரம் சும்மா ஊத்தினான். எனக்கே பெருமையா இருக்கு."

"வண்டி எப்படி?"

"எது, வாடகை வண்டியா? தினம் நூத்தம்பது பெசோ முதலாளிக்கு. நேத்து போலீஸ்காரன் காகிதம் கேட்டான். உன் காகிதத்தக் காட்டினேன். வயசுக்கு இளமையா இருக்கியேன்னான். கவலை இல்லாத வாழ்க்கை சார்னு சொன்னேன்." பிறகு, "மச்சான், அந்தப் பணம் என்னாச்சு?"

"விசாரணை நடக்குது."

"யார விசாரிக்கிறாங்க? நான் இங்கதான் இருக்கேன். வரச் சொல்லு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிகானோர் பல தடவை நினைத்தான். டோன் ப்ளாசிடோ போனிலேயே எச்சரித்தார். உண்மை என்றால் விசா போகும், முதல் பாதியைத் திருப்பித் தர வேண்டும், வழக்கும் வரும். "பொய்க்குத்தாண்டா வக்கீல் வேண்டாம்" என்றார். மீதிப் பணத்தில் தன் முப்பத்தைந்து பத்திரம் என்றும் ஞாபகப்படுத்தினார்.

ஏழாம் வருடம் வலது முழங்கை நோக ஆரம்பித்தது. இடைவெளி இல்லாமல் எறிய வைத்தார்கள். துப்பாக்கி தொண்ணூற்று ஒன்று காட்டியது, பிறகு தொண்ணூறு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உடற்பயிற்சியாளர் குறிப்பேட்டோடு வந்து கை எப்படி என்று கேட்பார். நிகானோர் தனக்குத் தெரிந்த மூன்று ஆங்கில வாக்கியத்தில் பொருத்தமானதைச் சொல்வான். அவர் எழுதிக்கொள்வார்.

எட்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, ஆறாவது ஆட்டப்பகுதியில், கைக்குள் ஈரக் கயிறு அறுந்தது போல ஒரு சத்தம். பந்து மூன்று அடி தள்ளி விழுந்து உருண்டது. அவன் மேட்டில் மண்டி போட்டான். உடற்பயிற்சியாளர் ஓடி வந்து குனிந்து கேட்டார். வலியில் வேறு வார்த்தை வரவில்லை. எட்டு வருடம் மனப்பாடம் செய்தது தானாக வந்தது.

'கையில் வலி இல்லை' என்று பதிவாயிற்று.

கிளப்பின் டாக்டர் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு சோதித்தார். எறியும் கை என்ற இடத்தில் இடது என்று இருந்ததால் இடது முழங்கையை இரண்டு மணி நேரம் பார்த்தார். படம் பிடித்தார். விளக்கில் பிடித்து ரசித்தார். இப்படி ஒரு முழங்கையைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று, தேய்மானமே இல்லை, இன்னும் இருபது வருடம் எறியலாம் என்றார். நிகானோர் பூசணிக்காய் போல வீங்கிய வலது கையைத் தூக்கிக் காட்டினான். டாக்டர் அதை அனுதாபத்தோடு பார்த்தார். அது சொந்த உபயோகத்துக்கான கை, காப்பீட்டில் வராது என்றார்.

ஹால்வர்சன் அதற்குள் பதவி உயர்ந்து வடக்குத் தலைமை அலுவலகத்தில் இருந்தார். அங்கே கூப்பிட்டார்கள். எழுந்து நின்று நிகானோரின் இடது கையைக் குலுக்கினார், சுற்றறிக்கை அவருக்கு ஞாபகம் இருந்தது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நிதானமாகப் பேசினார்.

"மகனே, ஒண்ணு புரிஞ்சுக்கணும். நாங்க உன் கைய வாங்கல. மனுஷன் கைய வாங்குறது சட்டப்படி குத்தம். கையிலருந்து வர்ற வேகத்த மட்டும்தான் வாங்கினோம். கை ஒடிஞ்சா அது உன் கை. வேகம் போனா அது எங்க வேகம். ரெண்டுல யாருக்கு நஷ்டம்னு யோசி. இருந்தாலும் நாங்க உங்கிட்ட நஷ்டஈடு கேட்கல. ஏன்னா இது ஒரு குடும்பம்."

மொழிபெயர்ப்பாளர் குடும்பம் என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

நிகானோர் தன் பாக்கிப் பணத்தைக் கேட்டான். அறுவை சிகிச்சைக்கு என்றான். விசாரணை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, அதில் தலையிடுவது நேர்மைக்கு விரோதம் என்றார் ஹால்வர்சன். மறுநாள் பத்திரிகைக் குறிப்பு வந்தது: 'சில்வியோ, இடது கை எறிகாரர், முழு ஆரோக்கியத்துடன் விடுவிக்கப்பட்டார்.'

ஐந்தாம் எண் பத்தேக்குத் திரும்பியபோது அவன் வலது கை அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. நீட்ட வராது. கடைசி இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. கத்தி பிடிக்க முடியாதவனுக்கு ஆலையில் வேலை இல்லை. ஆனால் எழுதத் தெரிந்தவன் என்பதால் கரும்பு எடை போடும் கொட்டகையில் எடை எழுத வைத்துக்கொண்டார்கள். இடது கையால் வண்டி எண்ணையும் எடையையும் எழுதினான். அந்தக் கிளப்பிடமிருந்து அவனுக்கு நிஜமாகவே கிடைத்தது அது ஒன்றுதான், அதுவும் ஒரு வாத்தியாரின் சிவப்பு மையால்.

சில்வியோ கொட்டகைக்கு வெளியே வாடகை வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். அவனுக்கு இப்போது இரண்டு குழந்தை, இரண்டுக்கும் தகப்பன் நிகானோர் என்று பதிவாகியிருந்தது. வளைந்த கையைப் பார்த்தான்.

"என் பேர இவ்வளவு தேய்ச்சிருக்க வேண்டாம் மச்சான்" என்றான்.

ஒன்பதாம் வருடம் கடிதம் வந்தது. விசாரணை முடிந்தது. சில்வியோ என்பவர் சில்வியோவே என்றும், அவர் வயது சரி என்றும் இலாகா கண்டுபிடித்திருந்தது. காசோலை தலைநகர அலுவலகத்தில் தயார். தொண்ணூறு நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற வேண்டும். சில்வியோ வண்டியைத் துடைத்தான். அன்றைக்கு மட்டும் முதலாளிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு இருவரும் போனார்கள். வழியில் வண்டிக் கடை ஒன்றின் முன் நிறுத்தி ஒரு சிவப்பு வண்டியைப் பார்த்தார்கள். சில்வியோ இறங்கி அதன் இருக்கையை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தான்.

அலுவலகத்தில் இருந்தவர் உபால்தோ. நம்மூர் ஆள்தான், ஆனால் டை கட்டியிருந்தார். காசோலையை மேஜை மேல் வைத்தார், அதன் மேல் கையை வைத்தார். நிகானோர் இடது கையால் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டான். உபால்தோ கோப்பிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் எழுத்து சரிந்த கரும்பாக இருந்தது.

"பொருந்தலையே."

"இடது கை மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க சார். நீங்கதான் வாங்கினீங்க."

"இருக்கு. அது கடிதப் போக்குவரத்துக்கு. பணம்னா ஒப்பந்தக் கையெழுத்துதான். விதி."

நிகானோர் பேனாவை வலது கைக்கு மாற்றினான். விரல்கள் பிடிக்கவில்லை. பேனா உருண்டு தரையில் விழுந்தது. மூன்று தடவை விழுந்தது. நான்காம் தடவை உபால்தோவே குனிந்து எடுத்து, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில்வியோ பொறுக்க முடியாமல் முன்னால் வந்தான். "சார், நான்தான் சில்வியோ. அசல். கொடுங்க, நான் போடறேன்."

"அத்தாட்சி?"

சில்வியோ பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினான். உபால்தோ வாசித்தார். "இதுல நிகானோர்னு இருக்கே."

"அது இவன் பேரு சார்."

"அப்ப இவர் யாரு?"

உபால்தோ காசோலையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு நிகானோர் எடைக் கொட்டகையில் வண்டி வராத நேரமெல்லாம் தன் பழைய கையெழுத்தைப் பழகினான். எழுதத் தெரியாதவன் எப்படி எழுதுவான் என்று எழுதத் தெரிந்த இடது கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எழுத்தை உடைத்தான், சரித்தான், நடுங்க வைத்தான். இரண்டாம் தடவை போனபோது பாதி பொருந்துகிறது என்றார் உபால்தோ. எண்பத்தோராம் நாள் மூன்றாம் தடவை போனான். கையெழுத்து அச்சாகப் பொருந்தியது. உபால்தோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ரொம்பப் பொருந்துது. ஒரு ஆள் ஒன்பது வருஷம் கழிச்சு இவ்வளவு அச்சாப் போட மாட்டான். போலிக் கையெழுத்தோன்னு சந்தேகம் வருது. பரிசோதனைக்கு அனுப்பறேன். முப்பது நாள் ஆகும்."

"காசோலைக்கு இன்னும் ஒன்பது நாள்தானே சார் இருக்கு?"

"அது வேற இலாகா" என்றார் உபால்தோ.

தொண்ணூறாம் நாள் எடைக் கொட்டகையில் நாற்பத்தொரு வண்டி கரும்பு இறங்கியது. நிகானோர் நாற்பத்தொன்றையும் எழுதினான்.

இரண்டு வாரம் கழித்துக் கிளப்பின் ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து ஒரு கடித உறையைக் கொடுத்தார். சில்வியோவும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். அடி தாங்காமல் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடிய அவனுக்கு வாசிக்கத் தெரியாது, நிகானோர் வாசித்துக் காட்டினான். ஏழாயிரத்து நானூற்று எண்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட், உரியவர் பெற முன்வராததால், கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. இரு தரப்புக்கும் இடையே இனிக் கடன் ஏதும் இல்லை. சில்வியோ என்ற பெயரிலான கோப்பு மூடப்படுகிறது. அன்னாரின் சேவைக்கு நன்றி.

"அப்ப என் பேரு திரும்பி வந்திருச்சா?" என்றான் சில்வியோ.

"வந்திருச்சு."

"வண்டி?"

நிகானோர் கடிதத்தை மறுபடி பார்த்தான், அங்கே எழுதியிருக்கும் என்பது போல. சில்வியோ தன் வாடகை வண்டியின் இருக்கையில் போய் உட்கார்ந்தான், கிளப்பவில்லை.

ஜீப்பில் வந்தவர் ஒரு நோட்டை நீட்டினார். கடிதம் கிடைத்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும், சரிபார்க்காமல் போக முடியாது என்று சொல்லிக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒந்தினா ஆசிரியையின் வகுப்பில் வாங்கிய மாதிரித் தாள் அது. நிகானோர் இடது கையால் சில்வியோ என்று போட்டான். எடைக் கணக்கு எழுதுகிற பழக்கத்தில் முத்து முத்தாக விழுந்தது.

அந்த ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"பொருந்துது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.